நங்கூரம் எட்டாத கடல்

சொகுசுக் கப்பலில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றி வந்தவர்கள் கைப்பேசியை நீட்டினால், சாண்டோரினிப் படம் இல்லாமல் இருக்காது. செங்குத்தான பாறைச்சுவர், அதன் விளிம்பில் வெள்ளை வீடுகள், அடியில் கருநீலக் கடல், கடலில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்க்கும்போது வீடுகளை விட்டுவிட்டுக் கப்பல்களைக் கவனியுங்கள். கரை மிக அருகில் இருக்கிறது. ஆனால் கப்பல் எந்தத் துறையிலும் கட்டப்படவில்லை. முன்புறத்திலிருந்து நங்கூரச் சங்கிலியும் இறங்கவில்லை. பயணிகள் சிறு படகுகளில் கரைக்குப் போய் வர, மூவாயிரம் பேர் ஏறிய கப்பல் நாள் முழுக்க எதையும் பிடிக்காமல் மிதந்துகொண்டிருக்கிறது.

நிலம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கப்பல் ஏன் நங்கூரம் போடுவதில்லை? கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் பலருக்கும் தோன்றும் கேள்வி இது. இதற்கு மாலுமி சொல்லும் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும்: ஆழம் அதிகம். அந்த ஆழம் எப்படி வந்தது என்று கேட்டால்தான் ஒரு மலையின் கதை தொடங்குகிறது.

சங்கிலியின் நீளம்

நங்கூரம் தன் எடையால் மட்டும் கப்பலைப் பிடித்து நிறுத்துவதில்லை. கடலடியில் கிடக்கும் சங்கிலி நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்போதுதான் அதன் கொக்கி மண்ணில் ஊன்றிப் பிடிக்கும். செங்குத்தாக மேலே இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே, கடலின் ஆழத்தைவிடப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலி விடுவது வழக்கம். கப்பல்காரர்கள் இதை ஷாக்கிள் கணக்கில் அளப்பார்கள். ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர். பெரிய பயணிகள் கப்பலில் ஒரு பக்கத்துச் சங்கிலி மொத்தமாகவே 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதை இழுத்து ஏற்றும் இயந்திரமும் 100 மீட்டர் ஆழம்வரை வேலை செய்வதற்காகத்தான் பொதுவாக வடிவமைக்கப்படுகிறது.

சாண்டோரினியின் உள்கடல் மிக ஆழமான இடத்தில் 390 மீட்டர் இறங்குகிறது. கரையோரத்திலும் படிப்படியாகச் சரியும் மணல்திட்டு இல்லை. தண்ணீருக்கு மேலே தெரியும் பாறைச்சுவர் அதே வேகத்தில் தண்ணீருக்குள்ளும் இறங்கிக்கொண்டே போகிறது. கையில் இருக்கும் சங்கிலி முழுவதையும் விட்டாலும் நங்கூரம் ஊன்றி நிற்க வழியில்லை. அதனால் கப்பல்கள் பக்கவாட்டுச் சுழலிகளை ஓடவிட்டு இடம் பெயராமல் நிற்கின்றன. மிதவை கிடைத்தால் அதில் கட்டிக்கொள்கின்றன.

2007 ஏப்ரல் 5 அன்று ‘சீ டயமண்ட்’ என்ற பயணிகள் கப்பல் இந்த உள்கடலில் கரையோரப் பாறையில் மோதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிக் காப்பாற்றப்பட்டார்கள். இருவர் காணாமல் போனார்கள். மறுநாள் கப்பல் முழுவதுமாக மூழ்கியது. கரையை ஒட்டி விபத்து நடந்தும் கப்பல் தரைதட்டி நிற்க அங்கே ஓர் ஆழமற்ற மேடை கிடைக்கவில்லை.

சாதாரணத் தீவுகளில் கடல் கரையை ஒட்டி ஆழம் குறைந்தும், தள்ளிப் போகப் போகக் கூடியும் இருக்கும். இங்கே தீவு கடலைச் சூழ்ந்திருக்கிறது, கடலின் ஆழம் தீவுக்கு உள்ளே கிடக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் காரணம் கண்ணில் படும். கிழக்கே பிறை வடிவில் தீரா என்ற பெரிய தீவு. வடமேற்கில் தெராசியா. தென்மேற்கில் அஸ்ப்ரோனிசி என்ற சிறு துண்டு. மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு நீள்வட்டம் கிடைக்கும். நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் சுமார் 7 கிலோமீட்டர். இவை மூன்றும் ஒரே எரிமலையின் ஓரங்கள். நடுப்பகுதியைத்தான் காணவில்லை.

கம்பிவண்டியிலிருந்து தெரியும் வரலாறு

படகிலிருந்து பழைய துறையில் இறங்கினால், மேலே ஃபிரா நகருக்குப் போக மூன்று வழிகள் உண்டு. 580-க்கும் மேற்பட்ட படிகளில் நடக்கலாம், கோவேறு கழுதையில் ஏறலாம், அல்லது கம்பிவண்டியில் போகலாம். கம்பிவண்டி சில நிமிடங்களில் 220 மீட்டர் ஏற்றிவிடும். பெரும்பாலானவர்கள் அந்த நிமிடங்களில் கடலைப் படம் எடுக்கிறார்கள். பின்பக்கம் திரும்பினால் பாறைச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது.

அந்தச் சுவர் ஒரே பாறையால் ஆனதல்ல. கறுப்பாக இறுகிய எரிமலைக்குழம்புப் படலம் ஒன்று. அதன்மேல் துரு நிறத்தில் பொத்தல் பொத்தலான கற்கள். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. ஒவ்வொரு பட்டையும் ஒரு வெடிப்பு அல்லது ஒரு வழிதல். சிவப்புக்குக் காரணம் இரும்பு: சூடாக வெளியே வந்த கல்லில் இருக்கும் இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகிறது. கடந்த 3,60,000 ஆண்டுகளில் இங்கே பெரிய வெடிப்புகள் மட்டும் பன்னிரண்டு நடந்திருக்கின்றன என்று நிலவியலாளர்கள் அடுக்குகளை எண்ணிச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, வீடுகளுக்கு நேர் கீழே, வெளிர் நிறத்தில் ஒரு படிவம். சில இடங்களில் அது 50 மீட்டருக்கும் மேல் தடிமன். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பு விட்டுச்சென்றது அது. அக்காலத்தில் அருகிலிருந்த கிரீட் தீவில் மினோவ நாகரிகம் செழித்திருந்ததால் அதை மினோவ வெடிப்பு என்கிறார்கள்.

அந்தப் படிவத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தால் கை ஏமாந்துபோகும். பார்க்கக் கல், தூக்கினால் எடையே இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க ஊசிமுனை அளவுத் துளைகள், அவற்றுக்கு இடையே கண்ணாடிபோல் மெல்லிய சுவர்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும். குதிகால் தேய்க்கக் கடையில் விற்கும் கல்லும் இந்த இனம்தான். இதை நுரைக்கல் என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போன மலையைப் பற்றிய சாட்சியம் முழுவதும் இந்தக் கல்லில் இருக்கிறது.

பாறைக்குள் தண்ணீர்

நுரை என்றால் உள்ளே வாயு இருந்திருக்க வேண்டும். உருகிய பாறைக்குள் வாயு எங்கிருந்து வந்தது?

ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் நிலத்தட்டு வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து, கிரீட் தீவுக்குத் தெற்கே ஏஜியன் கடலின் தட்டுக்கு அடியில் புதைகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த தட்டு அது. அதன் கனிமங்களுக்குள் கடல்நீர் ஊறியிருக்கிறது. ஆழம் போகப் போக வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் மேலே இருக்கும் சூடான பாறையில் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை, காய்ந்த பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். சாண்டோரினிக்கு அடியில் பாறை உருகுவதற்கு இதுதான் காரணம். அங்கே பூமி வழக்கத்துக்கு மீறிச் சூடாகிவிடவில்லை, தண்ணீர் உள்ளே போனதுதான் வேறுபாடு.

உருகிய பாறையை, அது பூமிக்குள் இருக்கும்வரை, பாறைக்குழம்பு என்போம். அது மேலேறி, தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே தேங்குகிறது. மினோவ வெடிப்புக்கு முன் அங்கே தேங்கியிருந்த குழம்பின் எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர்தான். மேலே கிடக்கும் பாறைகளின் பாரம் அழுத்தும்வரை அந்தத் தண்ணீர் கரைந்த நிலையிலேயே அடங்கியிருக்கும். குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைகிறது. தண்ணீர் ஆவியாகிக் குமிழ்களாகப் பிரிகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் தரைமட்ட அழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். சாண்டோரினியின் குழம்பு கொழகொழப்பு அதிகமானது. அதிலிருந்து குமிழ்கள் எளிதாக நழுவி வெளியேற முடியாது. அவை குழம்பையும் சேர்த்து ஊதிப் பெருக்கி, கிழித்து, தூளாக்கி மேலே வீசுகின்றன. அந்தத் தூள் காற்றில் உறைந்தால் நுரைக்கல், இன்னும் பொடியானால் சாம்பல்.

மினோவ வெடிப்பின் முதல் கட்டத்தில் இப்படி வீசப்பட்ட தூளும் ஆவியும் ஒரு தூணாக 30 கிலோமீட்டருக்கும் மேல் எழுந்தன. அந்தத் தூணின் சாம்பலை இன்றைய துருக்கியின் ஏரிகளிலும், கருங்கடலின் அடியிலும், நைல் நதியின் கழிமுகத்திலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

சிதறியதா, அமிழ்ந்ததா?

இவ்வளவு பெரிய வெடிப்பு என்றால் நமக்கு உடனே தோன்றும் விடை, மலையின் நடுப்பகுதி வெடித்துச் சிதறிப் பறந்துபோனது என்பதுதான். நெடுங்காலம் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1866-இல் தீவின் உள்கடலில் மறுபடி வெடிப்பு தொடங்கியது. அதைப் பார்க்க வந்தவர்களில் ஃபெர்டினான் ஃபூக்கே என்ற பிரெஞ்சு நிலவியலாளரும் ஒருவர். அவர் வெடிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. பாறைச்சுவரின் அடுக்குகளையும் கற்களையும் விரிவாக ஆராய்ந்தார். 1879-இல் சாண்டோரினியைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். நடுப்பகுதி வெளியே பறக்கவில்லை, உள்ளே அமிழ்ந்தது என்பது அவர் முடிவு.

அந்த முடிவின் தர்க்கத்தை நாமே சோதித்துப் பார்க்கலாம். மலை வெடித்துச் சிதறியிருந்தால் அதன் துண்டுகள் எங்கேயாவது விழுந்திருக்க வேண்டும். மலையின் பாறை என்றால் கம்பிவண்டியிலிருந்து பார்த்த அந்தக் கறுப்பு, சிவப்பு அடுக்குகள். வெளிர் படிவத்தைத் தோண்டினால் அந்தத் துண்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. சில வீட்டளவு பெரியவைகூட. ஆனால் மொத்தத்தில் அவை சிறுபங்கு. மீதியெல்லாம் நுரைக்கல்லும் சாம்பலும், அதாவது அன்று புதிதாகப் பூமிக்குள்ளிருந்து வந்த குழம்பு. காணாமல் போன பழைய மலையின் பொருள் வெளியே போதுமான அளவு இல்லை. வெளியே இல்லாதது உள்ளே இருக்க வேண்டும்.

1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா வெடித்தபோது இதே கேள்விக்கு இதே விடை கிடைத்தது. அத்தீவின் பெரும்பகுதி ஒரே இரவும் பகலுமாக மறைந்தது. சுற்றிலும் விழுந்து கிடந்ததோ பெரும்பாலும் புதிய நுரைக்கல்தான்.

கிராமத்து வீட்டில் நெற்குதிர் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குதிரின் அடியில் இருக்கும் துளையைத் திறந்து நெல்லை எடுத்தால், மேலே நெல் மட்டம் நடுவில் குழிந்து இறங்கும். மேலிருந்து யாரும் எதையும் அள்ளவில்லை. அடியில் தாங்கிய நெல் வெளியேறிவிட்டது. எரிமலையிலும் அடியில் தேங்கிய குழம்பு வெளியேற, அதன்மேல் கூரையாக இருந்த மலைப்பகுதி வட்டமாக விரிசல் விட்டு அப்படியே கீழே இறங்கியது. இப்படி உண்டாகும் பெரும்பள்ளத்தை உலகெங்கும் கால்டெரா என்கிறார்கள். தமிழில் அமிழ்குழி என்று சொல்லலாம். எரிமலையின் உச்சியில் புகை வரும் வாய் வேறு, அமிழ்குழி வேறு. வாய் என்பது பொருள் வெளியேறும் துளை. அமிழ்குழி என்பது பொருள் வெளியேறிய பின் கூரை இறங்கிய இடம்.

ஒரு வகுத்தல் கணக்கு

கூரை எவ்வளவு இறங்கியிருக்கும்? காகிதத்தில் நான்கு வரிகளில் கணக்கிட்டுவிடலாம்.

முதலில் வெளியே வந்த குழம்பின் அளவு. நுரைக்கல்லில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான், அதனால் படிவத்தின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. துளைகளைக் கழித்து, கெட்டிக் குழம்பாக எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். தீவில் கிடப்பது, கடலடியில் கிடப்பது, தொலைதூரச் சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து வெவ்வேறு ஆய்வாளர்கள் 30 முதல் 60 கன கிலோமீட்டர் வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 30 கன கிலோமீட்டர். ஒரு கன கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் உயரம் கொண்ட கட்டி. அப்படி முப்பது கட்டிகள்.

அடுத்து கூரையின் பரப்பு. 11 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டத்தின் பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர்.

30-ஐ 60-ஆல் வகுத்தால் அரை. கூரை சராசரியாக அரை கிலோமீட்டர், அதாவது 500 மீட்டர் இறங்கியிருக்க வேண்டும்.

இப்போது நேரில் இருப்பதோடு ஒப்பிடுவோம். பாறைச்சுவரின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் வரை நிற்கிறது. கடலடி 390 மீட்டர் வரை கீழே இருக்கிறது. மேலிருந்து அடிவரை கூட்டினால் மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ 700 மீட்டர். மற்ற இடங்களில் அதைவிடக் குறைவு. கணக்கில் வந்த 500-க்கு இது வெகுதூரமில்லை. தோராயமான இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்க முடிகிறது என்றால், அமிழ்ந்தது என்ற கதைக்குக் கணக்கும் ஒத்துவருகிறது.

அப்படியே பொருந்தாததற்கும் காரணங்கள் உண்டு. கூரை இறங்கிய பிறகு அதன்மேல் நுரைக்கல்லும் சரிந்த பாறைகளும் நூற்றுக்கணக்கான மீட்டர் நிரம்பியிருக்கின்றன. இன்று அளக்கும் கடலடி அந்த நிரப்பின் மேற்பரப்புதான். இன்னொன்று, பள்ளத்தின் ஒரு பகுதி முன்பே இருந்தது. சுமார் 22,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த வேறொரு வெடிப்பில் வடபகுதி ஒருமுறை அமிழ்ந்திருக்கிறது. இதற்கு ஓர் அழகான சாட்சி கிடைத்தது. மினோவப் படிவத்துக்குள் நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய சுண்ணாம்புக் கட்டிகளின் துண்டுகள் கிடக்கின்றன. அத்தகைய கட்டிகள் வெயில் எட்டும் ஆழமற்ற நீரில்தான் வளரும். வெடிப்புக்கு முன்பே மலைக்குள் ஒரு சிறு விரிகுடா இருந்தது, வெடிப்பு அதன் அடியையும் பெயர்த்து வீசியது என்று அதிலிருந்து தெரிகிறது. சாண்டோரினி இப்படிக் குறைந்தது நான்கு முறை அமிழ்ந்திருக்கிறது. மினோவ வெடிப்பு அவற்றில் கடைசி.

கடல் உள்ளே வந்த நாள்

கூரை இறங்கிய அதே கணத்தில் கடல் பாய்ந்து வந்து பள்ளத்தை நிரப்பியது என்றும், அந்தப் பாய்ச்சலே கிரீட் கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையைக் கிளப்பியது என்றும் பல நூல்களில் படிக்கலாம். கடலடியை ஒலியலைகளால் படமெடுத்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. அது வேறு வரிசையைக் காட்டுகிறது.

வெடிப்பின் பிற்பகுதியில் கொட்டிய நுரைக்கல் பள்ளத்தின் வாசல்களை அடைத்துவிட்டது. சற்று நேரம் அங்கே கடலுக்குள் ஒரு காய்ந்த பள்ளம் இருந்தது. பிறகு ஓயா ஊருக்கும் தெராசியாவுக்கும் இடையே வடமேற்கு மூலையில் அடைப்பு உடைந்தது. உள்ளே விழுந்த கடல், போகும் வழியை அறுத்து ஆழமாக்கிக்கொண்டே போனது. அந்த வாய்க்கால் இன்றும் கடலடியில் தெரிகிறது. பள்ளம் நிரம்ப இரண்டு நாளுக்கும் குறைவாகவே ஆகியிருக்கும் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. தண்ணீர் உள்ளே போகும் திசையில் பாய்ந்தால் வெளியே பேரலை எழாது. ஆகவே கிரீட்டைத் தாக்கிய அலைகளுக்குக் காரணம், தீவின் வெளிச்சரிவுகளில் உருண்டு கடலில் விழுந்த கொதிக்கும் நுரைக்கல் வெள்ளமாக இருக்க வேண்டும்.

இன்று சொகுசுக் கப்பல்கள் உள்ளே நுழையும் வழிகளில் ஒன்று அந்த வடமேற்கு வாசல்.

நடுவில் முளைத்தவை

நாள்சுற்றுலாவில் மேலும் இரண்டு மணி நேரம் இருந்தால் படகுகள் நியா கமேனிக்கு அழைத்துப் போகும். உள்கடலின் நடுவில் கன்னங்கரேலென்று கிடக்கும் தீவு அது. ஏறி நடக்கப் பாதை உண்டு. மரம் இல்லை, நிழல் இல்லை. இருபுறமும் கூர்மையான கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. உச்சி 130 மீட்டருக்குள்தான். அங்கே சில விரிசல்களில் கையை அருகில் கொண்டுபோனால் ஈரச்சூடு தெரியும். அழுகிய முட்டையின் வாடை இலேசாக வரும்.

இது பழைய மலையின் மிச்சமல்ல. கூரை இறங்கிய பிறகு கடலடியிலிருந்து புதிதாக வளர்ந்தது. கி.மு. 197-இல் இந்த இடத்தில் ஒரு தீவு எழுந்ததைப் பழங்கால எழுத்தாளர்கள் குறித்திருக்கிறார்கள். 1707-இல் தொடங்கிய வெடிப்பில் நியா கமேனி நீருக்கு மேல் வந்தது. 1866 முதல் 1870 வரை, 1925 முதல் 1928 வரை, 1939 முதல் 1941 வரை என்று விட்டுவிட்டு வளர்ந்தது. கடைசி வெடிப்பு 1950-இல். சுற்றுலாப் பயணி மிதிக்கும் பாறைகளில் சில, அவருடைய தாத்தாவைவிட வயதில் இளையவை.

நியா கமேனியும் அதன் பக்கத்துத் தீவும் நீருக்கடியில் இருக்கும் பகுதியோடு சேர்த்து சுமார் 3 கன கிலோமீட்டர். மினோவ வெடிப்பில் வெளியேறியதில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வர 3,600 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பழைய பள்ளத்தின் நடுவில் புதிய கூம்பு என்ற இந்த அமைப்பு இந்தியாவிலும் ஒன்று இருக்கிறது. அந்தமான் கடலில் பாரன் தீவு. 1787-இல் வெடித்ததாகப் பதிவுள்ள அது நீண்ட காலம் அடங்கியிருந்து, 1991-இல் மறுபடி விழித்தது.

நுரைக்கல்மேல் ஓர் ஊர்

மலையைக் காலி செய்த அந்தப் பொருளையே தீவுக்காரர்கள் வாழ்க்கையாக்கிக்கொண்டார்கள். படங்களில் வரும் வளைந்த கூரை வீடுகளில் பல கட்டப்பட்டவை அல்ல, குடையப்பட்டவை. நுரைக்கல் படிவம் எளிதில் குடைய வரும், குடைந்தபின் இடியாமல் நிற்கும், வெயிலை உள்ளே விடாது. ஆறு இல்லாத, மழை குறைந்த இந்தத் தீவில் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையோடு கூடையாகச் சுற்றி வளர்க்கிறார்கள். காற்றிலிருந்து பழத்துக்குக் காப்பு, நுரைக்கல் பிடித்துவைக்கும் ஈரம் வேருக்கு. நுரைக்கல் தூளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் காரை கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாயின் கட்டுமானத்துக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாக அது போனது.

தீவின் தென்முனையில் அக்ரோதிரி என்ற வெண்கலக்கால ஊர் இதே படிவத்துக்கு அடியில் கிடக்கிறது. 1967-இல் ஸ்பிரிதோன் மரினாதோஸ் அங்கே தோண்டத் தொடங்கினார். இரண்டு மாடி வீடுகள், தெருவுக்கு அடியில் கழிவுநீர்த் தடம், சுவரோவியங்கள், வரிசையாகத் தாழிகள் எல்லாம் வெளிப்பட்டன. மனித உடல்கள் மட்டும் கிடைக்கவில்லை. முதலில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. ஊரார் இடிபாடுகளை ஒதுக்கிக் குவித்து மறுபடி குடியேறப் பார்த்திருக்கிறார்கள். வேலை பாதியில் நிற்க, ஊரைக் காலி செய்துவிட்டார்கள். மலை எச்சரித்தது, அவர்கள் அதைக் கேட்டார்கள்.

இறங்கலாமா?

கப்பலிலிருந்து ஒரு நாளில் 8,000 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது என்று சாண்டோரினி வரம்பு வைத்திருக்கிறது. அது நெரிசலுக்கான வரம்பு. எரிமலைக்கான கேள்வி வேறு: இந்த மலை மறுபடி அப்படி வெடித்தால்?

2011, 2012 ஆண்டுகளில் நியா கமேனிக்கு வடக்கே நிலம் சில சென்டிமீட்டர் உப்பியது. செயற்கைக்கோள்களும் நிலத்தில் பொருத்திய கருவிகளும் அதை அளந்தன. சுமார் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் ஒன்று முதல் இரண்டு கோடி கன மீட்டர் குழம்பு புதிதாகச் சேர்ந்தது என்று தெரிந்தது. கேட்கப் பயமாக இருக்கும். நம் கணக்கோடு ஒப்பிடுங்கள்: இரண்டு கோடி கன மீட்டர் என்பது 0.02 கன கிலோமீட்டர். மினோவ வெடிப்பில் வெளியேறியது அதைப்போல 1,500 மடங்கு. 2025 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே ஆயிரக்கணக்கான நடுக்கங்கள் வந்தன. 11,000-க்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினார்கள். ஆழத்தில் குழம்பு பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அது மேலே வராமலே அடங்கியது.

மினோவ அளவிலான வெடிப்புக்கு எவ்வளவு நாள் முன்னறிவிப்பு கிடைக்கும் என்பதையும் நுரைக்கல்லே சொல்கிறது. கல்லுக்குள் இருக்கும் பொடிப் படிகங்கள் அடுக்கடுக்காக வளர்பவை. புதுக்குழம்பு வந்து சேர்ந்தபோது வளர்ந்த அடுக்கின் வேதியியல் முந்தைய அடுக்கிலிருந்து மாறுபடும். காலம் போகப் போக அந்த எல்லை கலங்கி மங்கும். எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்தால் எத்தனை காலம் கடந்தது என்று கணிக்கலாம். 2012-இல் வெளியான அப்படிப்பட்ட ஆய்வில், குழம்புத் தேக்கம் பெரிய அளவில் நிரம்பியது வெடிப்புக்கு முந்தைய நூறு ஆண்டுகளுக்குள்தான் என்றும், கடைசி மாதங்கள்வரை வந்துகொண்டிருந்தது என்றும் தெரிந்தது. அவ்வளவு குழம்பு சேரும்போது நிலம் முன்கூட்டியே உப்பும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி உப்பினால் இன்றைய கருவிகள் அதை அளந்துவிடும்.

ஒருநாள் பயணிக்கு உண்மையான ஆபத்து சிறிய வெடிப்பில் இருக்கிறது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி தீவில் 47 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் சொகுசுக் கப்பலிலிருந்து நாள்சுற்றுலாவாக வந்தவர்கள். எரிமலை வாய்க்குள் தேங்கியிருந்த சூடான நீர் திடீரென்று ஆவியாகி வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். எரிமலைகளின் கணக்கில் அது மிகச் சிறிய வெடிப்பு. புதுக்குழம்பு மேலே ஏற வேண்டிய தேவையே அதற்கு இல்லை. பாறைக்குள் சூடேறி அடைபட்ட தண்ணீருக்கு ஒரு விரிசல் திறந்தால் போதும். அதனால் நிலம் மாதக்கணக்கில் உப்பிக் காட்டாது. ஆனால் குறிப்பு எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் அத்தீவின் எச்சரிக்கை நிலையை 1-இலிருந்து 2-ஆக உயர்த்தியிருந்தார்கள். சுற்றுலா மட்டும் நிற்கவில்லை.

ஆகவே எரிமலைத் தீவில் கால் வைக்கும்முன் ‘பெரிதாக வெடிக்குமா’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு. இன்றைய எச்சரிக்கை நிலை என்ன? அழைத்துப் போகும் இடம் வாயின் விளிம்பா, வாயின் உள்ளேயா? முதல் கேள்விக்கு அந்த நாட்டுக் கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் விடை இருக்கும். இரண்டாவதற்கு வரைபடமே போதும். கரைக்குப் போகும் படகில் ஏறுவதற்கு முன்பே இரண்டையும் பார்த்துவிடலாம்.